நூற்றுக்கு ஐந்து பேர் யார்?



இன்றைய உரையில் கொஞ்சம் கணக்கு வரும். உடனே வானொலியை நிறுத்திவிடாதீர்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். உயர்தரத்தில் கணக்குப் படித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வன் பரம்பல் என்று ஒரு பாடம் இருந்ததல்லவா, மணி மாதிரி ஒரு வளைகோடு வரைந்து அதன் கீழே நிழல் தீட்டுவோமே, அதுதான் இன்றைய விடயம். அந்த வளைகோட்டுக்கும், இந்த ஒஸ்லோ நகரத்தில் உணவகக் குசினிகளிலும் துப்புரவு வேலையிலும் முதியோர் இல்லங்களிலும் உழைக்கிற நம்மவர்களின் தோள்மூட்டு வலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசப்போகிறேன்.

முதலில் ஊருக்குப் போவோம். அங்கே மண்வெட்டிக்குப் பிடி போடும்போது யாருடைய கைக்கு என்று கேட்டுத்தான் போடுவார்கள். நெட்டையான ஆளுக்கு நீளப் பிடி, கட்டையான ஆளுக்குக் கட்டைப் பிடி. பனையேறுகிறவரின் தளநார் அவருடைய காலுக்கு ஏற்றபடி பின்னப்பட்டது. இன்னொருவர் அதைப் போட்டுக்கொண்டு ஏறமாட்டார். திருவலையும் அரிவாளும் தரையில் குந்தியிருந்து பாவிக்கிற சாமான்கள். தரைக்கு உயரம் கிடையாது, ஆகவே ‘இந்த மேசை எனக்கு எட்டவில்லை’ என்ற பேச்சே அங்கு எழவில்லை. முழம், சாண், பாகம் என்று நீட்டல் அளவையே உடம்பிலிருந்துதான் எடுத்தோம்.

தொழிற்சாலை வந்ததும் கதை மாறிவிட்டது. தையற்காரர் உங்களுடைய அளவை எடுத்துச் சட்டை தைக்கிறார். தொழிற்சாலை உங்களைக் கண்டதே இல்லை. அது ஒரு இலட்சம் கதிரைகளை, ஒரு இலட்சம் கையுறைகளைச் செய்துவிட்டு, வாங்குகிறவர் யாராக இருப்பார் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்குத்தான் இந்த மணி வளைகோடு உதவிக்கு வந்தது.

வளைகோட்டை எழுத்தில் காட்ட முடியாது என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பள்ளிக்கூட மைதானம். ஆயிரம் பெண் ஆசிரியர்களை நிறுத்தி, ஒரே உயரம் உள்ளவர்களை ஒரே வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். 150 சென்ரிமீற்றருக்கு ஒரு வரிசை, 151க்கு ஒரு வரிசை, இப்படியே. மேலே மாடியில் நின்று பார்த்தால் நடுவில் உள்ள வரிசைகள் நீளமாகவும், இரு பக்கமும் போகப் போகக் குறுகியும், ஓரங்களில் ஒருவர் இருவர் மட்டுமாகவும் தெரியும். கோயில் மணியைப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற உருவம். இதற்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று சராசரி, அதாவது மணியின் உச்சி எங்கே இருக்கிறது என்பது. மற்றது நியம விலகல், அதாவது மணி எவ்வளவு அகலம் என்பது. சராசரியிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு நியம விலகல் தூரத்துக்குள் நூற்றுக்கு 68 பேர் அடங்குவார்கள். இரண்டு மடங்கு தூரத்துக்குள் 95 பேர். வளர்ந்த பெண்களின் உயரத்தில் ஒரு நியம விலகல் என்பது ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்.

உயரம் இப்படி அழகாக மணியில் அடங்கும். நிறை அடங்காது. நிறையின் வளைகோடு பாரமான பக்கம் வாலை நீட்டிக்கொண்டு போகும். காரணத்தை இந்த வானொலியில் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன், பொங்கல் முடிந்து அதிக நாளாகவில்லை.

இந்த வளைகோட்டை முதலில் பாவித்தவர்கள் சூதாட்டக்காரர்களுக்குக் கணக்குப் போட்டவர்களும் வானியலாளர்களும். 1733இல் டி மொவர், 1809இல் கவுஸ். இதை மனித உடம்புக்குக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடொல்ப் கெற்றலே. 5,738 ஸ்கொட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவை எடுத்துப் பார்த்து, அது மணி வடிவில் விழுகிறது என்று 1846இல் காட்டினார். அவர் அதோடு நிற்கவில்லை. நடுவில் இருக்கிற சராசரி மனிதன்தான் இயற்கை செய்ய நினைத்த மனிதன், மற்றவர்கள் எல்லாம் குறி தவறிய அம்புகள் மாதிரி என்று ஒரு தத்துவத்தையும் சேர்த்துவிட்டார். அந்தத் தத்துவம் நெடுங்காலம் இயந்திரங்களுக்குள்ளும் கதிரைகளுக்குள்ளும் ஒளிந்திருந்தது.

அதை உடைத்தது ஒரு இளம் அமெரிக்க ஆய்வாளர். 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடம்பை அளந்தது. அந்தக் காலத்தில் விமானியின் இருக்கை சராசரி அளவுக்கே செய்யப்பட்டிருந்தது. கில்பர்ட் டானியல்ஸ் என்பவர் பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார்: உயரம், மார்பு, கை நீளம் என்று. ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள நூற்றுக்கு 30 பேருக்குள் வந்தால் அவரைச் சராசரி என்று தாராளமாகவே ஒத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர்? 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. சராசரி உயரம் உள்ளவருக்குக் கை நீளமாக இருந்தது, கை சராசரியாக உள்ளவருக்கு இடுப்பு வேறாக இருந்தது. சராசரி விமானிக்காகச் செய்த இருக்கை, உண்மையில் யாருக்காகவும் செய்யப்படவில்லை. அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் தள்ளக்கூடிய இருக்கை, மிதிகளை நகர்த்தும் வசதி, இறுக்கித் தளர்த்தும் பட்டிகள் என்பன விமானங்களில் கட்டாயமாகின. இன்று உங்கள் வாகனத்தில் இருக்கையைக் கைப்பிடியால் இழுத்துச் சரிசெய்கிறீர்களே, அதே சிந்தனைதான்.

ஆகவே பொறியியலாளர்கள் சராசரியை விட்டுவிட்டு இன்னொரு விதிக்கு வந்தார்கள். இன்று உலகமெங்கும் பாவனையில் இருப்பது அந்த விதிதான். வரிசையில் மிகக் கட்டையான நூற்றுக்கு ஐந்து பேரை விட்டுவிடு, மிக நெட்டையான நூற்றுக்கு ஐந்து பேரை விட்டுவிடு, நடுவில் உள்ள தொண்ணூறு பேருக்குப் பொருந்தும்படி செய். 5ஆம் சதமணை முதல் 95ஆம் சதமணை வரை என்று சொல்வார்கள். எட்டிப் பிடிக்க வேண்டிய பொருளைக் கட்டையானவருக்கு எட்டும் உயரத்தில் வை, தலை இடிக்கக்கூடிய வாசலை நெட்டையானவருக்கு ஏற்ற உயரத்தில் வை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் செய்யப் போனால் செலவு கட்டாது, இருபக்கமும் ஐந்து ஐந்து பேர்தானே விடுபடுகிறார்கள்.

இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த ஐந்து பேர் யார்?

கணக்கைப் போடுவோம். நோர்வேயில் வளர்ந்த பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 166 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நியம விலகல் 6. கட்டையான ஐந்து வீதத்தின் எல்லை, சராசரியிலிருந்து ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகக் கீழே, அதாவது 10 சென்ரிமீற்றர் கீழே. 166இலிருந்து 10ஐக் கழித்தால் 156. ஆக இங்கே பெண்களுக்கென்று வடிவமைக்கிற ஒருவர் 156இல் கோட்டைக் கிழிப்பார். இனி இலங்கைப் பெண்களின் சராசரிக்கு வாருங்கள். இளம் தலைமுறையில் அது 154 அளவில். மூத்தவர்களிடம் இன்னும் குறைவு. அதாவது நமது மணியின் உச்சியே அவர்கள் கிழித்த கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இளம் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் கோட்டுக்கு வெளியே. சராசரி 151 என்று எடுக்கக்கூடிய மூத்த தலைமுறையில் பத்துக்கு எட்டுப் பேர் வெளியே.

வடிவமைப்பாளரின் தாளில் அது நூற்றுக்கு ஐந்து. நம்முடைய வீட்டில் அது அம்மா, சித்தி, மாமி, அக்கா எல்லோரும். யாரும் வேண்டுமென்று விலக்கவில்லை. எந்த மக்களை அளந்து வளைகோட்டை வரைந்தார்களோ அந்த மக்களில் நாம் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தோள் நோவது தோளுக்குத்தானே, காரணம் கெட்டதா நல்லதா என்று அது பார்ப்பதில்லை.

இதை முதலில் கணக்கோடு எடுத்துச் சொன்னவர்களில் ஒரு இலங்கையர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜோன் அபேசேகர. நமக்கு அயலில், சுவீடனின் வடக்கே லூலியோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஹூஷாங் ஷாநவாஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்தவர். இலங்கைத் தொழிலாளரின் உடல் அளவுகளை எடுத்து, மற்ற நாட்டவரின் அளவுகளோடு ஒப்பிட்டு, 1987இலும் 1989இலும் கட்டுரைகள் எழுதினார்கள். அவர்களுடைய கேள்வி, மேற்கு நாடுகளில் செய்த இயந்திரங்களும் பாதுகாப்புச் சாதனங்களும் இலங்கை போன்ற நாடுகளுக்கு இறக்குமதியாகும்போது அவை அங்குள்ளவர்களின் உடம்புக்குப் பொருந்துமா என்பது. எங்கள் விடயத்தில் கதை தலைகீழ். இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இறக்குமதியானது நாங்கள். 1980களில் பின்மார்க்கில் போட்ஸ்பியோர்ட், வார்டோ போன்ற இடங்களின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போன அண்ணன்மார், அக்காமார் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மீன் வெட்டும் மேசைக்கு முன்னால் எதன் மேல் ஏறி நின்றீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்தியாவில் இப்படியான அளவுகளை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. தொகுத்தவர் தேப்குமார் சக்கரவர்த்தி.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். உயரத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்கு முகம் சுருங்குகிறது, ஏதோ நம் இனத்தைக் குறைத்துச் சொன்ன மாதிரி. நோர்வேக்காரரும் எப்போதும் இந்த உயரத்தில் இருந்தவர்கள் அல்ல. இங்கே இராணுவ சேவைக்கு அழைக்கப்படும் இளைஞர்களை நெடுங்காலமாக அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வில்ஹெல்ம் கீல் என்பவர் 1939இலேயே இருநூறு ஆண்டு அளவுகளைச் சேர்த்து ஒஸ்லோவில் ஒரு நூல் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இளைஞர்களின் சராசரி 170 சென்ரிமீற்றருக்கும் குறைவு. இன்று ஏறக்குறைய 180. இனம் மாறவில்லை. சாப்பாடும் சுகாதாரமும் மாறின, மணி பத்துச் சென்ரிமீற்றர் நகர்ந்தது. நம் பிள்ளைகளைப் பாருங்கள், அப்பாவின் தோளைத் தாண்டி எத்தனை பேர் வளர்ந்து நிற்கிறார்கள்.

இனிக் குசினிக்கு வருவோம். நின்றுகொண்டு வேலை செய்கிற மேசை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? தொழில்நலத் துறையில் உள்ளவர்கள் முழங்கையை வைத்துத்தான் சொல்வார்கள். காய்கறி வெட்டுவது போன்ற வேலைக்கு மேசை முழங்கையை விட 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். மா குழைப்பது, எலும்போடு இறைச்சி வெட்டுவது போன்ற பலம் கொடுக்கிற வேலைக்கு இன்னும் கீழே. நுணுக்கமான வேலைக்கு முழங்கைக்குச் சற்று மேலே. நிற்கும் ஒருவரின் முழங்கை, அவருடைய மொத்த உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கு உயரத்தில் இருக்கும். 166 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு அது ஏறக்குறைய 105. அதில் 10, 15ஐக் கழித்தால் 90 முதல் 95. இங்குள்ள குசினி மேசைகள் பெரும்பாலும் 90 அளவில் இருக்கும். மிகச் சரி. 154 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு முழங்கை 97இல். அவருக்கு வேண்டிய மேசை 82 முதல் 87. 148 சென்ரிமீற்றர் உள்ள அம்மா ஒருவருக்கு 78 முதல் 83.

ஏழெட்டுச் சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். அந்த ஏழெட்டை உடம்பு எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். முழங்கையை வெளிப்பக்கம் விரித்து, தோள்பட்டையை மேலே தூக்கித்தான் கத்தியைப் பிடிக்க முடியும். தோளைத் தூக்கி வைத்திருக்கும் தசை, வேலை முடியும்வரை இறங்குவதில்லை. ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம், வாரத்துக்கு ஐந்து நாள், இருபது வருடம். பிறகு வைத்தியரிடம் போனால் தோள், கழுத்து, மரத்துப்போகும் விரல் என்று பெயர் வரும். வீட்டில் ‘வயது போகுது’ என்று சொல்லிக்கொள்வோம். வயதும் போகிறதுதான். ஆனால் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த உயரமான பெண்ணுக்கும் வயது போனது.

இருக்கிற வேலைக்கும் இதே கணக்கு. வழமையான அலுவலகக் கதிரைகள் கீழே இறக்கினாலும் 40 சென்ரிமீற்றர் அளவோடு நின்றுவிடும். 150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவரின் முழங்காலின் பின்பக்கம் தரையிலிருந்து அதைவிடத் தாழ்வு. கால் தொங்கும், தொடையின் கீழ்ப்பக்கம் அழுத்தும். ஆக, ‘கூட்டிக் குறைக்கலாம்’ என்று எழுதியிருந்தாலும் எதிலிருந்து எதுவரை என்று கேட்க வேண்டும்.

இதற்கு மிக நல்ல பதில் ஒன்று இந்த ஊரிலேயே பிறந்தது. ஒஸ்லோவில் பட்டறை வைத்திருந்த பீற்றர் ஒப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர், தன்னுடைய சின்ன மகன் சாப்பாட்டு மேசையில் படும் பாட்டைக் கவனித்தார். குழந்தைக் கதிரைக்குப் பிள்ளை பெரிது, பெரியவர்களின் கதிரைக்குச் சிறிது. 1972இல் ஸ்தொக்க நிறுவனம் மூலம் அவர் வெளியிட்ட கதிரைதான் திரிப் திரப். உங்களில் பாதிப்பேரின் வீட்டில் அது இருக்கும், பிள்ளைகள் அதிலிருந்து சோறு தின்று வளர்ந்திருப்பார்கள். சரிவான இரண்டு மரக்கால்கள், அவற்றில் வரிசையாக வெட்டிய பள்ளங்கள், இருக்கப் பலகை ஒன்று, கால் வைக்கப் பலகை ஒன்று. பிள்ளை வளர வளரப் பலகைகளைக் கீழே மாற்றிப் போடலாம். கடைசியில் பெரியவரும் இருக்கலாம். ஒரு கோடிக்கும் அதிகமாக விற்ற கதிரை அது.

அதில் எனக்குப் பிடித்தது இருக்கப் பலகை அல்ல, கால் வைக்கிற பலகை. மேசை எல்லோருக்கும் பொது, அதைத் தாழ்த்த முடியாது. அப்படியானால் ஆளை மேசைக்கு உயர்த்து, உயர்த்தியபின் காலுக்குக் கீழே ஒரு தரையைக் கொடு. குசினிக்கும் இதுவே பொருந்தும். பலர் பாவிக்கும் மேசையைச் சராசரி உயரத்தில் வைத்தால் இருபக்கமும் நோகும். உயரமானவருக்கு ஏற்றபடி மேசையை வைத்துவிட்டு, கட்டையானவருக்கு நிற்கப் பலகை கொடுக்க வேண்டும். நெட்டையானவரைக் குழி தோண்டி நிறுத்த முடியாதல்லவா. ஆனால் பலகை அகலமாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். வழிநடையில் நீட்டிக்கொண்டிருந்தால் தோளைக் காப்பாற்றப் போய்க் காலை முறித்த கதையாகும். ஒடுங்கிய குசினிகளில் பலகை சரிவராது. அங்கே உயர்த்தித் தாழ்த்தும் மேசை ஒன்றாவது வேண்டும். முதியோர் இல்லத்துக் கட்டில்கள் பொத்தானை அமர்த்தினால் ஏறி இறங்கும். அவசரத்தில் அதை அமர்த்தாமலே குனிந்து தூக்குகிறோம் என்பது வேறு கதை. துப்புரவு வேலையில் நீட்டிக் குறுக்கும் தடி வாங்கித் தந்திருந்தால், உங்கள் தாடை உயரத்துக்கு அதைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள். முந்திய ஆள் விட்டுப்போன அளவு உங்கள் அளவல்ல.

பொருந்தாத சாதனம் நோவோடு மட்டும் நிற்பதில்லை. 2019 மார்ச்சில் நாசா, பெண்கள் இருவர் மட்டும் செல்லும் விண்வெளி நடையை அறிவித்துவிட்டுத் தள்ளிவைத்தது. நடு அளவு உடைக்கவசம் ஒன்றுதான் தயாராக இருந்தது. ஒக்டோபரில்தான் அது நடந்தது. வாகன மோதல் சோதனைகளில் நெடுங்காலம் சராசரிப் பெண்ணின் உடம்பு கொண்ட பொம்மை இருக்கவில்லை. சின்னப் பெண் பொம்மை என்று இருந்தது ஆண் பொம்மையைச் சுருக்கியது போன்ற ஒன்று. 2022இல்தான் சுவீடனில் அஸ்ட்ரிட் லிண்டர் குழுவினர் 162 சென்ரிமீற்றர் உயரத்தில், பெண்ணின் உடலமைப்போடு ஒன்றைச் செய்தார்கள். சுவாசக் கவசம் முகத்தோடு பொருந்தாவிட்டால் பக்கத்தால் காற்றுப் போகும். அதைப் போட்டும் போடாததும் ஒன்று.

சரி, என்ன செய்யலாம்? நோர்வேயின் வேலைச்சூழல் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நான்காம் அத்தியாயம் நமக்கு வேண்டியது. உடம்புக்குத் தீங்கான பளு ஏற்படாதபடி வேலையிடத்தை அமைக்க வேண்டும், தேவையான உதவிச் சாதனங்களைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும், வேலையை ஒழுங்குசெய்யும்போது ஒவ்வொருவருடைய தனித் தன்மைகளையும் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொருவருடைய, சராசரி ஆளுடைய அல்ல. கையுறை, கவசம் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 இலக்க ஒழுங்குவிதி இங்கும் செல்லும். பாவிப்பவரின் உடலமைப்புக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடியதாக அவை இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆகவே சின்ன அளவுக் கையுறை கேட்பது சலுகை கேட்பதல்ல.

கேட்கிற விதம் முக்கியம். ‘தோள் நோகுது’ என்று மட்டும் சொன்னால் ஓய்வெடுங்கள் என்பார்கள். அளவோடு போங்கள். வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை மட்டும் ஒருவரைக் கொண்டு அளந்துகொள்ளுங்கள். மேசையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வேலையிடத்தின் பாதுகாப்புப் பிரதிநிதியிடம், நொர்ஸ்க்கில் வேர்னஉம்பூட் என்பவரிடம், கொடுங்கள். மிகச் சிறிய இடங்களில் அப்படி ஒருவர் இல்லாமலிருந்தால் நேரே முதலாளியிடம் எழுத்தில் கொடுக்கலாம். மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள், நாலு வரி போதும். எழுத்தில் கொடுத்ததன் பிரதி ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வைத்தியரிடமோ தொழிற்சங்கத்திடமோ போகும்போது தேவைப்படும்.

வீட்டுக் குசினியையும் இந்த வாரம் ஒருக்கால் அளந்து பாருங்கள். புதிதாகக் குசினி போடுகிறவர்கள், பெட்டிகளின் கால்களைத் திருகி உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம் என்பதைப் பொருத்த வருகிறவருக்கு முதல்நாளே சொல்லுங்கள். அந்தக் குசினியில் அதிக நேரம் நிற்பவர் யாரோ, அவருடைய முழங்கையை அளந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.